அச்சு முறிந்த லாரி

சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. நிலக்கரிப் பெட்டிகள் கேட்டைக் கடக்கக் கடக்க, தண்டவாளத்தின் அதிர்வு ரோட்டில் ஏறி, லாரியின் சக்கரங்கள் வழியாக டிரைவர் சீட் வரைக்கும் வந்தது. ஜெபதாஸ் ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் டிப்பர் நிறைய முக்கால் இஞ்ச் ஜல்லி. பக்கப் பலகைக்கு மேலே குன்று போல ஏறி நின்றது. அதன் உச்சியில் ஒரு தார்ப்பாய், மூடியிருப்பதாகப் பேர்.

திருத்தணிக்கு வடக்கே, ஆந்திர எல்லையைப் பார்த்துப் போகிற பாதையில் இருக்கிற கேட் அது. மலைக்குப் பின்னால் கல் உடைக்கிற கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றி வருகிற லாரிகளுக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது. ஜெபதாஸ் பல வருஷமாக அங்கே வந்து நிற்கிறான். நிற்கிற நேரத்தில் பீடி பிடிப்பான், இல்லை கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்வான். இன்றைக்கு இரண்டும் செய்யவில்லை. காது முழுக்கப் பின் பக்கமே இருந்தது. போன வாரத்திலிருந்து பின் அச்சில் ஒரு சத்தம். கியர் மாற்றும்போதெல்லாம் பாறையைச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி, 'டக்' என்று ஒன்று.

காலையில்தான் முதலாளி கோதண்டபாணியிடம் திரும்பவும் சொல்லியிருந்தான். அவர் எடைமேடை பக்கத்தில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வராத லாரி எங்கடா கீது, தாசு? சத்தம் வாணாம்னா சைக்கிள் ஓட்டு."

"இல்ல மொதலாளி, ஆக்சில்ல வருது. பிரிச்சிப் பாத்துட்டா..."

"பிரிக்கலாம், பிரிக்கலாம். பைபாஸ் வேலக்காரன் போன் மேல போன் போட்டுகினு கீறான். இந்த லோடு அடிச்சிட்டு வா, பிரிச்சிடலாம்."

போன வாரமும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார்.

கடைசிப் பெட்டி போயிற்று. கேட்டின் இரண்டு கைகளும் மேலே எழும்பின. முன்னால் நின்ற பைக்குகளும் ஷேர் ஆட்டோவும் முண்டியடித்துப் போன பிறகு ஜெபதாஸ் முதல் கியரைப் போட்டு மெதுவாக ஏற்றினான். முன் சக்கரம் முதல் தண்டவாளத்தைத் தாண்டியது. பின் சக்கரம் அதன் மேல் ஏறுகிற நேரம் அடியில் ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இஞ்சின் உறுமியது. லாரி நகரவில்லை.

கிளட்சை மிதித்தான். கியரை எடுத்துப் போட்டான். ரிவர்ஸ் போட்டுப் பார்த்தான். இஞ்சின் தன் பாட்டுக்குச் சுற்றியது, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ரயில் போகிற பாதை, வருகிற பாதை இரண்டையும் அடைத்துக்கொண்டு லாரி குறுக்கே நின்றது. ஆக்சில் போய்விட்டது. திருப்பதியிலிருந்து வருகிற எக்ஸ்பிரஸ் இந்த நேரத்தில்தான் போகும். எத்தனை தடவை அதற்காக இதே இடத்தில் காத்துக் கிடந்திருக்கிறான்.

"அண்ணா, எறங்கு! வண்டிய வுட்டு எறங்கு மொதல்ல!"

கேட் கீப்பர் சந்திரா அறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். புடவை மேல் ஆரஞ்சு நிறச் சட்டை, கையில் சுருட்டிய சிவப்புக் கொடிகள். ஜெபதாஸ் குதித்து இறங்கினான். கல்லில் விழுந்து எழுந்தான்.

"எக்ஸ்பிரஸ் வர்ற நேரம் மா! இடிச்சா அத்தினி பேரும்... ஐயோ, கர்த்தாவே..."

"வர்ற நேரந்தான். ஆனா இங்க வராது."

"இன்னாமா சொல்ற நீ?"

அவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் ஒரு பித்தளைச் சாவி. பீரோச் சாவியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

"கேட்ட மூடிப் பூட்டியிருந்தாத்தான் இந்தச் சாவி உள்ள இருக்குற பொட்டில திரும்பும். அது திரும்பினாத்தான் அங்க சிக்னல் பச்ச வுழும். இப்ப கேட்டு தொறந்து கீது, சாவி பொட்டில இல்ல. ஸ்டேஷன் மாஸ்டரே நெனச்சாலும் பச்ச போட முடியாது."

சொல்லிக்கொண்டே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மாஸ்டருக்குப் போன் பண்ணிட்டேன். இருந்தாலும் கண்ணால பாத்து நிறுத்தணும்னு சட்டம். நான் அரக்கோணம் பக்கம் ஓடறேன். நீ இந்தக் கொடிய எடுத்துகினு அந்தப் பக்கம் ஓடு. ரயிலப் பாத்ததும் பிரிச்சி ஆட்டு. தண்டவாளத்துல நிக்காத, ஓரமா நில்லு."

ஜெபதாஸ் ஓடினான். சரளைக் கல்லில் செருப்பு வழுக்கியது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினான். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான். வெயிலில் தண்டவாளம் உருகினது போல நெளிந்து தெரிந்தது. பாதை வளைகிற இடத்துக்கு வந்ததும் அவன் கால் தானாக நின்றது.

வளைவுக்கு அந்தப் பக்கம், சிவப்பு விளக்குக்கு முன்னால், எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தது.

அது எப்போது வந்து நின்றது என்று அவனுக்குத் தெரியாது. இரைச்சல் எதுவும் காதில் விழவில்லை. இஞ்சினின் முகம் ஒரு வீட்டுச் சுவர் அளவு உயரமாக இருந்தது. அதற்குப் பின்னால் பெட்டிகள் வளைந்து வளைந்து, வால் தெரியாமல், பனைமரங்களுக்குள்ளே போயிருந்தன. ஜன்னல் ஜன்னலாக மனிதத் தலைகள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலைகள், வேர்த்த குழந்தைகள், ஒரு பெண்ணின் கையில் லட்டுப் பை. ஏன் நிற்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். இஞ்சின் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கொடியோடு நிற்கிறவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ஜெபதாஸும் கொடியைத் தூக்கிக் காட்டினான்.

பூமியை அதிர வைத்துக்கொண்டு போகிற இத்தனை பெரிய வண்டி ஒரு பொம்பளையின் இடுப்பில் கிடக்கிற சாவிக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. அவன் கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்த நாட்களிலெல்லாம், 'தொறக்குறியா இல்லியா' என்று கத்திய நாட்களிலெல்லாம், அந்தச் சாவி அங்கேதான் இருந்திருக்கிறது. இஞ்சினைப் பார்த்தபடியே நின்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. யார் இதை யோசித்து வைத்தார்கள்? யாரோ ஒருத்தர், எப்போதோ, எங்கேயோ உட்கார்ந்து, இப்படி ஒரு லாரி இங்கே வந்து நிற்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். அவனுக்காகவும் யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

கிரஷரிலிருந்து ஜேசிபி வந்து லாரியை இழுத்துப் போட்டது. எக்ஸ்பிரஸ் கேட்டைக் கடந்தபோது ஜெபதாஸ் ரயில்வே போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றிருந்தான். சந்திரா பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியையும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தாள். புடவை பறந்தது. அவள் அசையவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக்கொடுத்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்தபோது மனைவி பெபி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மிஷன் ஸ்கூல் ஹாஸ்டலில் சமையல் செய்கிறவள். சேதி கேட்டுப் பாதி வேலையில் ஓடி வந்திருந்தாள். அவன் காலைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைத்தாள்.

"முன்னூறு நானூறு பேரு இருப்பாங்க பெபி. ஜாஸ்தியே இருப்பாங்க. சாவி ஒண்ணு. இம்மாத்தூண்டு." விரலால் அளவு காட்டினான். சாப்பிடும்போதும் அதையே சொன்னான். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மறுநாள் கோதண்டபாணியே வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

"ஆர்டிஓ ஆபீஸ்லருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியப் பாக்க வருது. புதுசா வந்துகீற அம்மா. கேட்டா, ஏத்தத்துல தப்பு கியர் போட்டுட்டேன், அதான் ஆக்சில் அடி வாங்கிச்சின்னு சொல்லிடு. கைத்தப்பு யாருக்குத்தான் இல்ல? சத்தம் கித்தம்னு எதுவும் பேசாத. வண்டி ரெடியானா சீட்டு உனக்குத்தான்."

ஜெபதாஸ் தலையை ஆட்டினான். ஆட்டினதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியவில்லை. கார் போன பிறகு பெபி கேட்டாள்: "இன்னா சொல்லப் போற?"

"தெரில."

"கைத்தப்புன்னு சொன்னா அது உன் பேர்ல எழுதிடுவாங்க."

"வண்டி இல்லன்னா எதுல ஓட்டுவேன்?"



லாரியை ரயில்வே காலியிடத்தில் நிறுத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கல்பனா ஜீப்பில் வந்து இறங்கியதும் கோதண்டபாணி இளநீரோடு ஓடினார். அந்த அம்மா வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்துவிட்டு நேராக லாரியிடம் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். காக்கிச் சட்டை, பின்னி முடிந்த கொண்டை, கையில் டார்ச். லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத மாதிரி, தரையில் ஒரு சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, அடியில் நுழைந்துவிட்டார்.

ஜெபதாஸ் எத்தனையோ தணிக்கை பார்த்திருக்கிறான். ஜன்னல் வழியாகப் பேப்பரை வாங்குவார்கள், தருவார்கள். லாரிக்கு அடியில் போன அதிகாரியை அவன் பார்த்ததே கிடையாது. அவனும் குனிந்து எட்டிப் பார்த்தான். டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டையாக, ஒவ்வொரு போல்ட்டாக நின்று நின்று போனது. பிரேக் டிரம்மை விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் தட்டுகிற மாதிரி இருந்தது.

"டிரைவர் யாரு?"

"நாந்தாங்க, மேடம். ஜெபதாஸ்."

"அந்தப் பக்கச் சக்கரத்துல ஆக்சில் ஷாப்டை உருவச் சொல்லுங்க."

மெக்கானிக் போல்ட்டுகளைக் கழற்றி உருவியபோது பாதிதான் வந்தது. முறிந்த முனையை இன்ஸ்பெக்டர் டீசலில் நனைத்த துணியால் துடைத்தார். வெயிலில் திருப்பினார்.

"இங்க வாங்க ஜெபதாஸ். இதப் பாருங்க."

கிட்டே போனான். முறிந்த இரும்பின் முகத்தை அதற்கு முன் அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அதைப் படிக்க முடியும் என்று அவனுக்குத் தெரியாது. வெட்டிய மரத்தில் வளையம் வளையமாக இருக்குமே, அது மாதிரி ஓரத்திலிருந்து வரிகள் உள்ளே போயிருந்தன. முகத்தின் பெரும் பகுதி கறுத்து, வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் கற்கண்டு உடைத்த மாதிரி ஒரு பளபளப்பு.

"இந்தப் பளபளப்பு மட்டும்தான் அன்னிக்கு ஒடஞ்சது," என்றார் இன்ஸ்பெக்டர். "கறுப்பா இருக்குதே, அதெல்லாம் ஏற்கனவே ஒடஞ்சது. மொதல்ல இந்த ஓரத்துல முடி மாதிரி ஒரு கீறல். அளவுக்கு மேல பாரம் ஏத்த ஏத்த, அது கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. ஒவ்வொரு வரியும் அதுதான். மாசக்கணக்கா நடந்திருக்கு."

"அப்ப... இத்தினி நாளா வண்டி எதுல மேடம் ஓடிச்சி?"

அவர் பளபளப்பான மூலையை விரலால் தொட்டார். "இதுல."

கட்டைவிரல் அகலம்கூட இருக்காது.

ஜெபதாஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த விரல் அகல இரும்பின் மேல்தான் ஆடிக் கிருத்திகை அன்றைக்குக் காவடிக்காரர்களுக்கு நடுவில் லாரியை ஊர்ந்து ஓட்டினான். ஸ்கூல் விடுகிற நேரத்தில் கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பைத் தாண்டினான். ஒரு மழை நாளில், பாரத்தோடு சரிவில் இறங்கும்போது, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றான். எல்லாம் இதில் எழுதியிருந்தது. அவன் மறந்துபோன லோடுகளைக்கூட இரும்பு மறக்கவில்லை. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. சர்ச்சில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது வருமே, அந்த மாதிரி ஒரு நடுக்கம். தன்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டான்.

"சத்தம் வந்திருக்குமே?" என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் அதட்டல் இல்லை.

அவருக்குப் பின்னால் கோதண்டபாணி நின்றிருந்தார். செல்போனைப் பார்ப்பது போல நின்று, இவனைப் பார்த்தார்.

"வந்துதுங்க மேடம்," என்றான் ஜெபதாஸ். "போன வாரமே சொன்னேன். அன்னிக்குக் காலையிலயும் சொன்னேன். மொதலாளி, லோடு எறக்கிட்டு வா, பாக்கலாம்னாரு. நான் தப்புக் கியர் போடலிங்க."

"தெரியும். தப்புக் கியர்ல ஒடஞ்சா இப்படி இருக்காது. முறுக்கிகிட்டுப் போயிருக்கும்." அவர் இரும்பை ஒரு துணியில் சுற்றி ஜீப்பில் வைத்தார். "உங்க தப்பு இல்லன்னு நான் எழுதுவேன்."

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது ஜெபதாஸ் மலைக்கோயில் கோபுரத்தைத் தலை தூக்கிப் பார்த்தான். அவன் கும்பிடுகிற சாமி அது இல்லை. ஆனாலும் எதையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. பெபியிடம் எல்லாவற்றையும் சொன்னான். கறுப்பு, பளபளப்பு, வரிகள்.

"நெசத்தச் சொல்லிட்டியா?"

"ஆங். இரும்பே சொல்லிடுச்சி. அதுக்கப்புறம் நான் இன்னா பொய் சொல்றது?"

அவள் அவன் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது அவனுக்குத் தெரிந்தது.

விசாரணைக்கு அவனைக் கூப்பிட்டது கொஞ்ச நாள் கழித்து. போக்குவரத்து ஆபீசில், பழைய சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான். கோதண்டபாணி தன் வக்கீலோடு வந்து, உள்ளே போய், சீக்கிரமே வெளியே வந்து, இவனைக் கடந்து போனார். பிறகு கல்பனா மேடம் இவனை உள்ளே கூப்பிட்டார். மேசை மேல் அந்தத் துணிமூட்டை இருந்தது.

"நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கேன். பராமரிப்பு இல்லாததால ஆக்சில் முறிஞ்சது. டிரைவர் கவனக்குறைவு கிடையாதுன்னு."

"ரொம்ப நன்றிங்க மேடம்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஆனா வண்டி அன்னிக்கு அளவுக்கு மேல பாரம் ஏத்தியிருந்தது. எடை போட்டுப் பாத்தாச்சு. பாரம் ஏத்தின வண்டிய ஓட்டினா டிரைவர் லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணணும். அது தனி. கவனக்குறைவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

ஜெபதாஸுக்குப் புரிய நேரம் பிடித்தது. "நானா மேடம் ஏத்தினேன்?"

"ஓட்டினது நீங்க."

"மொதலாளிக்கு?"

"அபராதம். கட்டிட்டாரு. பெர்மிட்டுக்கு நோட்டீஸ் போட்டேன், அதுக்கு அப்பீல் போயிருக்காரு. முடியிற வரைக்கும் வண்டி ஓடலாம்னு உத்தரவும் வாங்கிட்டாரு."

"எனக்கும் அப்பீல் இருக்குதுங்களா?"

"இருக்கு. மெட்ராஸ் போகணும், வக்கீல் வைக்கணும். அது முடியறதுக்குள்ள சஸ்பென்ஷன் காலமே முடிஞ்சிடும்." அவர் முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தினார். "இந்தச் சட்டத்த மாத்தச் சொல்லி மேல எழுதியிருக்கேன், ஜெபதாஸ். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல."

அவன் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தான். பிளாஸ்டிக் உறைக்குள் கூடவே பெபியின் சின்ன போட்டோ ஒன்று இருந்தது. அதை மட்டும் உருவிக்கொண்டு கார்டை மேசை மேல் வைத்தான். வெளியே வருவதற்கு முன் கேட்டான்: "மேடம், அந்த இரும்ப இன்னொரு தடவ பாக்கட்டுங்களா?"

அவர் துணியைப் பிரித்துக் கொடுத்தார். கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். வரிகள் அப்படியே இருந்தன. பளபளப்பாக இருந்த இடத்தில் மெல்லத் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

வேறு முதலாளிகளிடம் போய்க் கேட்டான். லைசென்ஸ் இல்லாத டிரைவரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஹாஸ்டல் சம்பளத்தில் வீடு ஓடவில்லை. கடைசியில் ஒரு காலை கிரஷர் வாசலில் போய் நின்றான். கோதண்டபாணி அவனைப் பார்த்தார். திட்டவில்லை.

"இன்னா இருந்தாலும் நம்ம ஆளு," என்றார் பக்கத்திலிருந்த சூப்பர்வைசரிடம். "லோடு மட்டம் பண்ற வேலைக்குப் போடு."

அந்த லாரி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. புது ஆக்சில், புதுப் பெயின்ட், பின்னால் பளிச்சென்று சிவப்பும் வெள்ளையுமாக ஸ்டிக்கர். டிரைவர் சீட்டில் அம்மையார்குப்பத்துப் பையன் நவீன்குமார். வீட்டில் விசைத்தறிகளை விற்றுவிட்டு ஸ்டீயரிங் பிடிக்க வந்தவன். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. ஜெபதாஸைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்தான்.

"வண்டி நல்லா போகுதுங்க ணா. ஒண்ணும் தொந்தரவு இல்ல."

"எதுனா சத்தம் வந்தா நிறுத்திடு தம்பி," என்றான் ஜெபதாஸ். "யாரு இன்னா சொன்னாலும் நிறுத்திடு."

"ஆங், சரிங்க ணா," என்று சொல்லிவிட்டு அவன் போனில் பாட்டுத் தேட ஆரம்பித்தான்.

ஜெபதாஸ் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு டிப்பர் மேல் ஏறினான். லோடர் வண்டி ஜல்லியை அள்ளி வந்து கொட்டியது. தூசி அடங்கியதும் மேட்டை இழுத்துப் பள்ளத்தில் தள்ளினான். மறுபடி கொட்டியது. பலகை மட்டத்துக்கு வந்தாயிற்று என்று கையைக் காட்டினான். கீழே நாற்காலியில் இருந்த கோதண்டபாணி தலையைத் தூக்காமலே இரண்டு விரலை ஆட்டினார். லோடர் திரும்பிப் போய் இன்னொரு வாய் அள்ளிக்கொண்டு வந்தது.

கல் மழை மாதிரி இறங்கியது. முழங்கால் அளவு ஜல்லியில் ஜெபதாஸ் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் காலுக்குக் கீழே ஸ்பிரிங் பட்டைகள் முனகின. லாரி, அவனையும் தூக்கிக்கொண்டு, மெதுவாகக் கீழே இறங்கியது.